கட்டளையும் கனிவும்

தீயவர் தீமை செய்வதில் வியப்பொன்றும் இல்லை. நல்லவர் பலர் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே ஆற்றி, முடிவில் ஒரு தீமையை நிறைவேற்றி வைக்கும்போதுதான் அறநூல் கற்றவனும் திகைத்து நிற்கிறான். அங்கே யாரைக் குற்றவாளி என்பது? கட்டளை இட்டவனையா? அதைக் கொண்டு சென்றவனையா? அன்றி, அக்கட்டளைக்குப் பலியாகப் போகிறவனின் தோளைத் தட்டி ஆறுதல் கூறி அனுப்பி வைத்த நல்லவனையா?

இவ்வினாவை என் உள்ளத்தில் விதைத்தது ஓர் ஆங்கில நாடகம். அதனைத் தழுவி வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்ட திரைப்படங்கள் அவ்வினாவை உறங்கவிடாமல் வளர்த்து வந்தன. ஆசிரியப் பணியில் இருப்போரும், அப்பணிக்கு வர எண்ணும் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று என்பதால் இங்கு எழுதத் துணிந்தேன்.

அந்நாடகம் ஆர். சி. ஷெரிஃப் இயற்றிய 'ஜர்னிஸ் எண்ட்' என்பது. 'பயணத்தின் முடிவு' எனத் தமிழில் கூறலாம். ஷெரிஃப் அப்போது தொழிலால் எழுத்தாளர் அல்லர். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். முதல் உலகப் போரில் கிழக்கு சர்ரே படைப்பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றி, 1917ஆம் ஆண்டு பாஸ்சண்டேல் போரில் காயமுற்றவர். அவர் கண்டதையே எழுதினார். 1928ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இலண்டன் அப்பல்லோ அரங்கில் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் நாடகம் முதன்முறையாக நடிக்கப்பெற்றது. பின்னாளில் பெரும்புகழ் எய்திய லாரன்ஸ் ஒலிவியர் அன்று தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். 1929ஆம் ஆண்டு சனவரியில் சவாய் அரங்கிற்குச் சென்ற நாடகம், மக்கள் திரள் திரளாக வந்து காணும் பெருவெற்றியாயிற்று.

கதை நிகழும் இடம் பிரான்சு நாட்டில் சாங் காந்தான் நகருக்கு அருகிலுள்ள போர்முனை. காலம் 1918ஆம் ஆண்டு மார்ச்சு 18 முதல் 21 வரையிலான நான்கு நாட்கள். ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் மார்ச்சு 21ஆம் நாள் தொடங்கியது என்பது வரலாறு. அத்தாக்குதலை எதிர்நோக்கி, அகழியை ஒட்டித் தோண்டப்பட்ட ஒரு நிலவறைக்குள் சில ஆங்கில அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். நாடகம் முழுவதும் அந்த ஒரே அறைக்குள்தான் நடக்கிறது.

படைக்குத் தலைவன் ஸ்டான்ஹோப். வயது 21தான், ஆனால் மூன்றாண்டுப் போர் அவனை முதியவனாக்கிவிட்டது. மதுவின் துணையின்றி அவனால் நிற்க இயலவில்லை. பள்ளி நாட்களில் அவனைத் தன் வீரத் தலைவனாகக் கொண்டாடிய ராலி என்னும் இளைஞன், பள்ளி வாழ்க்கை முடிந்த சூட்டோடு அதே படைக்கு வந்து சேர்கிறான். நாட்கள் நகரவில்லையே என வருந்தும் ட்ராட்டர் என்பவர், கழிக்க வேண்டிய ஆறு நாட்களுக்கும் மணிக்கு ஒன்றாக 144 சிறு வட்டங்கள் வரைந்து வைத்து, ஒவ்வொன்றாகக் கருமையாக்குகிறார். இவர்கள் அனைவருக்கும் மூத்தவர் ஆஸ்போர்ன். 'மாமா' என்றே மற்றவர்கள் அவரை அன்போடு அழைக்கிறார்கள். அவர் போருக்கு வருமுன் செய்த தொழில் என்ன தெரியுமா? பள்ளி ஆசிரியர்!

இந்த ஆஸ்போர்னைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

எதிரியின் படை விவரங்களை அறிய வேண்டும் என்று மேலிடம் விரும்புகிறது. எதிரி அகழிக்குள் பாய்ந்து ஒருவனைச் சிறைபிடித்து வருக எனக் கட்டளை பிறக்கிறது. அதுவும் பகல் வெளிச்சத்தில்! இருட்டிய பின் போகலாகாதா என்று ஸ்டான்ஹோப் கேட்கிறான். மாலையில் கூடும் மேலதிகாரிகளின் கூட்டத்திற்குள் செய்தி கிடைத்தாக வேண்டுமாம். இரவுணவு தாமதமாகிவிடும் போலும் என்று ஸ்டான்ஹோப் கசப்போடு குத்திக் காட்டுகிறான். ஆயினும் கட்டளையை ஏற்றுக்கொள்கிறான். படைமுதல்வர் தேர்ந்தெடுக்கும் இருவர், மூத்த ஆசிரியரான ஆஸ்போர்னும் பள்ளி வாசனை மாறாத ராலியும். அவர்களோடு பத்து வீரர்கள்.

இங்கே சற்று நின்று நோக்குவோம். இந்தச் சங்கிலியில் கொடியவன் எவனும் இல்லை. படைமுதல்வர் தம் மனிதர்கள்மீது இரக்கம் உள்ளவர்தாம். ஸ்டான்ஹோப் தன் வீரர்களுக்காக உயிரையும் கொடுப்பவன். ஆஸ்போர்னைப் போல் ஒரு பண்பாளரைக் காண்பது அரிது. கட்டளையின் பொருந்தாமையை ஏறத்தாழ எல்லாரும் உணர்ந்திருக்கிறார்கள். இருந்தும் அது ஒவ்வொருவர் கையாகக் கீழே இறங்கி வருகிறது. இறங்க இறங்க அதன் கடுமை குறைந்து, மென்மை கூடுகிறது. கடைசியில் அது ராலியிடம் வந்து சேரும்போது, கட்டளையாகவே தோன்றவில்லை, பெருமையாகத் தோன்றுகிறது.

புறப்படுவதற்கு முன் எஞ்சியிருக்கும் சில நிமிடங்களே நாடகத்தின் உயிர்ப்பகுதி என்பேன். ஆஸ்போர்ன் தம் திருமண மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். மனைவிக்குக் கடிதம் எழுதி ஸ்டான்ஹோப்பிடம் ஒப்படைத்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் இளைஞனின் முகத்தில் அச்சத்தின் நிழல் படியக் கூடாது என்பதற்காகக் காப்பி அருந்தியபடி நாட்டுப்புறத்தைப் பற்றியும், வனப்பகுதியில் நடந்து திரிந்த நாட்களைப் பற்றியும் பேசுகிறார். தாக்குதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேர்வறைக்கு வெளியே நடுங்கி நிற்கும் மாணவனிடம் நாம் வேறு கதை பேசி அவன் மனத்தைத் திருப்புவதில்லையா? அஃதே அது. இருவரும் எழுந்து போகிறார்கள். மேடை வெறுமையாகிறது.

அந்த வெற்று மேடையில்தான் ஷெரிஃபின் அறவுணர்வு நிற்கிறது. தாக்குதல் நமக்குக் காட்டப்படவில்லை. ஆளற்ற அறையும் மேசைமேல் ஒரு மோதிரமுமே நம் கண்முன் உள்ளன. வெளியே ஓசைகள் கேட்கின்றன. பார்வையாளராகிய நாம், போனவர்களோடு போகவில்லை. அனுப்பி வைத்தவர்களோடு அமர்ந்திருக்கிறோம். பின்னர் அழுதுகொண்டிருக்கும் ஒரு ஜெர்மானியச் சிறுவன் இழுத்து வரப்படுகிறான். படைமுதல்வருக்குச் செய்தி கிடைத்த மகிழ்ச்சி. போனவர்களைப் பற்றிய கேள்வி அவருக்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ராலியும் நான்கு வீரர்களும் திரும்பினர். ஆஸ்போர்னும் ஆறு வீரர்களும் திரும்பவில்லை. ராலி தன்னையறியாமல் ஆஸ்போர்னின் கட்டிலில் போய் அமர்கிறான்.

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். மேடைக்குரிய கதை திரைக்குச் செல்லும்போது, கதைமாந்தர் மட்டுமன்றிப் பார்ப்பவரின் இருக்கையும் இடம் மாறுகிறது. அம்மாற்றம் வெறும் கலைச்செய்தி அன்று, அறச்செய்தியுமாகும்.

1930ஆம் ஆண்டு வெளிவந்த முதற்படத்தை நாடகத்தை இயக்கிய ஜேம்ஸ் வேல் அவர்களே ஹாலிவுட்டில் இயக்கினார். சவாய் அரங்கில் ஸ்டான்ஹோப்பாக நடித்த கோலின் கிளைவ் திரையிலும் அப்பாத்திரத்தை ஏற்றார். படத்தின் பெரும்பகுதி அந்த நிலவறைக்குள்ளேயே நிகழ்கிறது. பேசும் படம் பிறந்து தவழ்ந்த காலம் அது. காமிரா பேச்சைத் தொடர்ந்து கேட்கிறது. நாமும் பொறுமையாகக் கேட்கிறோம்.

அடுத்த ஆண்டே, 1931இல், ஜெர்மானியர் இதே கதையைத் தம் மொழியில் படமாக்கினர். இயக்கியவர் ஹெயின்ஸ் பவுல். ஸ்டான்ஹோப்பாக நடித்தவர் புகழ்பெற்ற கான்ராட் ஃபைட். படத்தின் பெயர் 'மறுபக்கம்' என்று பொருள்படும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எந்த அகழியை நோக்கி ஜெர்மானியர் சுட்டார்களோ, அந்த அகழிக்குள் ஜெர்மானிய நடிகர்களே ஆங்கிலச் சீருடை அணிந்து அமர்ந்தார்கள். ஆங்கிலேயரின் அச்சத்தைத் தம் தாய்மொழியில் பேசினார்கள். நாடகத்தில் ஆஸ்போர்ன் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவார். காயமுற்ற தோழனை ஊர்ந்தபடி இழுத்துவர முயன்ற ஆங்கில வீரர்களை நோக்கி, சுடாமல், 'தூக்கிக்கொண்டு போங்கள்' என்று குரல் கொடுத்து வெளிச்சமும் காட்டினானாம் ஒரு ஜெர்மானிய அதிகாரி. மறுநாள் இரு தரப்பினரும் ஒருவர் அகழியை மற்றவர் தகர்த்துக்கொண்டனராம். அந்தச் சிறு கதை சொல்லிய உண்மையை ஒரு படம் முழுவதுமாகச் செய்து காட்டிற்று எனலாம். கலை எதிரியின் இருக்கையில் நம்மை அமர வைக்கும் ஆற்றல் உடையது. எனினும் அடுத்த எட்டாண்டுகளில் மீண்டும் ஓர் உலகப் போர் மூண்டதையும் நாம் மறத்தற்கில்லை. அனுதாபம் மட்டும் போரைத் தடுத்துவிடாது.

1976ஆம் ஆண்டு ஜாக் கோல்ட் இயக்கிய 'ஏசஸ் ஹை' என்னும் படம் கதையை மண்ணுக்கடியிலிருந்து வானத்திற்கு ஏற்றியது. காலாட்படை அதிகாரிகள் இங்கே விமானப்படையினர் ஆயினர். ஸ்டான்ஹோப்பின் இடத்தில் மால்கம் மெக்டவல். 'மாமா'வின் இடத்தில் கிறிஸ்டோபர் பிளம்மர். இளைஞனாகப் பீட்டர் ஃபர்த். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் வழங்கப்படவில்லை என்பதை எண்ணினால், நிலவறைக்கும் விமானத்திற்கும் வேறுபாடு குறைவே. என்னை உறுத்தியது அப்படத்தின் தொடக்கம். போர்முனையிலிருந்து வந்த வீரன் தான் பயின்ற பள்ளியின் மாணவரிடையே உரையாற்றுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருள் ஒருவன்தான் பின்னர் அவனுடைய படைக்கு வந்து மடியப்போகிறவன். ஷெரிஃப் நினைவாக மட்டும் வைத்த பள்ளியை, இப்படம் கண்முன் நிறுத்தியது. சாவுக்குச் செல்லும் பாதை வகுப்பறை வாயிலில் தொடங்குகிறது என்று அது கூறுவதாகவே நான் கொண்டேன்.

2017ஆம் ஆண்டு சால் டிப் இயக்கிய படமே இவற்றுள் அண்மையது. பால் பெட்டனி ஆஸ்போர்னாகவும், சாம் கிளாஃப்ளின் ஸ்டான்ஹோப்பாகவும், ஏசா பட்டர்ஃபீல்ட் ராலியாகவும் நடித்தனர். சேறும் ஈரமும் இருளும் நம்மேல் படிவதுபோல் எடுக்கப்பட்ட சிறந்த படம். மேடையில் காட்டப்படாத தாக்குதல் இதில் காட்டப்படுகிறது. நாமும் ராலியோடு ஓடுகிறோம், மூச்சு வாங்குகிறோம், நடுங்குகிறோம்.

அது குறையா? குறை என்று கூற மாட்டேன். போரின் கொடுமையை இளைஞர் கண்ணாரக் காண்பது நல்லதே. ஆனால் ஒன்றை இழக்கிறோம். ராலியோடு ஓடும்போது நாம் பாதிக்கப்பட்டவராகி விடுகிறோம். நம் கண்ணீர் நமக்காகவே வடிகிறது. வெற்று மேடையின் முன் அமர்ந்திருந்தபோதோ நாம் பாதிக்கப்பட்டவர் அல்லர், அனுப்பியவர். அங்கே கண்ணீருக்கு முன் ஒரு கேள்வி வருகிறது: 'அவர்கள் எழுந்து போனபோது, நீ ஏன் சும்மா இருந்தாய்?' திரை நம் இரக்கத்தைப் பெருக்குகிறது; மேடை நம் பொறுப்பைச் சுட்டுகிறது. இரண்டும் வேண்டும். ஆயினும் முன்னது எளிது; பின்னது அரிது.

ஆஸ்போர்ன் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 'நான் போகேன்' என்றிருந்தால் வேறொருவர் அனுப்பப்பட்டிருப்பார். மறுத்தவனுக்கு அந்நாளைய இராணுவம் வைத்திருந்த தண்டனையும் சிறிதன்று. ஓடிப்போனமை, கோழைமை போன்ற குற்றங்களுக்காக முதல் உலகப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் படையினர் 306 பேருக்கு, 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. நாடகத்தில் ஹிபர்ட் என்பவன் நரம்பு வலி என்று கூறித் தப்ப முயலும்போது, ஸ்டான்ஹோப் அவனைச் சுட்டுவிடுவதாக மிரட்டுகிறான்; மறுகணமே தனக்கும் அதே அச்சம் உண்டென்று ஒப்புக்கொள்கிறான். அச்சமின்மை அன்று வீரம். அச்சத்தோடு நிற்பதே வீரம் என்பதை இக்காட்சி தெளிவாக்குகிறது. அவ்வகையில் ஆஸ்போர்ன் வீரரே. அந்தச் சில நிமிடங்களில் அவர் காட்டிய கனிவும் போலி அன்று. அதுவும் இல்லாதிருந்தால் ராலி நடுநடுங்கிக்கொண்டே போயிருப்பான்.

ஆயின், கனிவுக்கு மற்றொரு முகமும் உண்டு. வண்டிச் சக்கரம் கிறீச்சிடும்போது அச்சுக்கு மை இடுகிறோம். வண்டி ஓசையின்றி ஓடுகிறது. எங்கே ஓடுகிறது என்பதை மை கேட்பதில்லை. ஆஸ்போர்ன்கள் இல்லாதிருந்தால் அக்கட்டளை கீழிறங்கும் வழியெங்கும் கிறீச்சிட்டிருக்கும். யாரோ ஒருவர் செவியை அது உறுத்தியிருக்கும்.

நம் இலக்கியத்திலும் இந்த இரு முகங்களும் உண்டு. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மூதின் மகளை நினைவுகூர்க. தன் குடும்பத்தார் அடுத்தடுத்த நாட்களில் போரில் மடிந்த பின்னும், பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனை அழைத்து, தலைக்கு எண்ணெய் தடவி, ஆடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அதனை மறத்தின் உச்சம் என்றே நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். எனக்கோ அந்த எண்ணெய் தடவும் கையே கண்முன் நிற்கிறது. அதே புறநானூற்றில் கோவூர் கிழாரும் இருக்கிறார். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவன்முன் நின்று, யானையைக் கண்டு அழுகையை மறந்து நின்ற அச்சிறுவர்களைச் சுட்டிப் பேசி, அவர்கள் உயிரை மீட்டார் அப்புலவர். அவர் சிறுவர்களிடம் சென்று 'அஞ்சாதீர்கள்' என்று ஆறுதல் கூறவில்லை. அரசனிடம் சென்று பேசினார். இருவர் நெஞ்சிலும் அன்பு உண்டு. ஒன்று கீழ்நோக்கிச் சென்றது, மற்றொன்று மேல்நோக்கிச் சென்றது.

இதனை ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. இளமையில் நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியனாக இருந்தேன். 2021இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுதான் அக்காலத்தில் பள்ளியின் பெயரை உயர்த்துவதும் தாழ்த்துவதும். தேறமாட்டார்கள் எனக் கருதப்பட்ட மூன்று மாணவர்கள் தேர்வு நாட்களில் வராதிருந்தால் விழுக்காடு உயரும் என்று எனக்கு வாய்மொழியாகக் கூறப்பட்டது. தவறு என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் மறுத்துப் பேசியதாகவும் நினைவில்லை. அன்று மாலையே லயன் வீடுகளுக்குச் சென்றேன். கடுமையாகப் பேசவில்லை. பையனுக்கு மனச்சோர்வு வந்துவிடக் கூடாது, ஓய்வு கொடுங்கள் என்று மிக இதமாகவே எடுத்துச் சொன்னேன். பால்மரம் வெட்டிவிட்டு வந்திருந்த ஒரு தந்தை, எனக்குத் தேநீர் கொடுத்து, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சார். எங்க வீடு வரைக்கும் வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

அவர் எனக்கு நன்றி கூறினார். அந்த நன்றியை இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. வேறொருவர் சென்று முரட்டுத்தனமாகக் கூறியிருந்தால், அந்தத் தந்தை ஒருவேளை சினந்திருப்பார், காரணம் கேட்டிருப்பார், மகனைத் தேர்வுக்கு அனுப்பியிருப்பார். என் இதமான சொல்லே அவருடைய கேள்வியை வாயிலேயே அடைத்துவிட்டது. போரில் உயிர் போவதையும் பள்ளியில் ஒரு தேர்வு போவதையும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஆனால் அந்நாடகத்தில் ஆஸ்போர்ன் மோதிரத்தைக் கழற்றி வைத்தபோது, அவரைப் போற்றவும் முடியாமல், பழிக்கவும் முடியாமல் நான் தவித்ததன் காரணம் இதுவே.

ஷெரிஃப் தம் நாடகத்தைப் போர் எதிர்ப்புப் பரப்புரையாகக் கருதவில்லை. தாம் அறிந்த மனிதர்களை உள்ளவாறு காட்டவே விரும்பினார். அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்தது. நமக்குத் தீர்ப்பு எழுதித் தராமல், நம்மிடமே வினாவை விட்டுச் சென்றது.

ஆசிரியப் பெருமக்களே, நாம் நாள்தோறும் கீழ்ப்படிதலைக் கற்பிக்கிறோம். அது வேண்டுவதே, அஃதின்றிப் பள்ளி நடவாது. கனிவையும் கற்பிக்கிறோம், அதுவும் வேண்டுவதே. ஆனால் இவ்விரண்டை மட்டும் கற்ற மாணவன் நல்ல ஆஸ்போர்னாக வருவான். கோவூர் கிழாராக வரமாட்டான். மூன்றாவது ஒன்றையும் நாம் கற்பிக்கவேண்டும். கட்டளை நம் கைக்கு வந்து சேரும் அந்த வேளையில், அதைக் கீழே கொடுப்பதற்கு முன், மேலே பார்த்து ஒரு கேள்வி கேட்பது. பணிவோடு கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும். கேட்டும் பயனில்லாது போகலாம். ஸ்டான்ஹோப் கேட்டான், பயனில்லை. எனினும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கேட்டிருந்தால், அக்கட்டளை அந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

மாணவச் செல்வங்களே, இத்திரைப்படங்களைக் காணும் வாய்ப்புக் கிட்டினால் காணுங்கள். ராலிக்காகக் கண்ணீர் விடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வாய்ப்பிருந்தால் நாடகத்தையும் படியுங்கள். இருவரும் எழுந்து சென்ற பின், ஆளற்ற அவ்வறையில் சற்று நேரம் அமர்ந்திருங்கள். மேசைமேல் ஒரு மோதிரம் கிடக்கும். அதை அங்கே கழற்றி வைக்கும்படி செய்தவர் யார் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடிப் போகும்போது, எங்கேயோ ஓரிடத்தில் உங்கள் ஆசிரியராகிய நானும் நின்றிருப்பேன். என்னையும் கேளுங்கள்.